மழை வரும்வரை

உப்பூரில் திருவிருந்து அப்பம் நமத்துப்போகும். டப்பாவைத் திறந்து ஜெபம் முடிவதற்குள் கடற்காற்று அதில் ஏறிவிடும். எடுத்துப் பிட்டால் ஒடியாது, துணி கிழிவதுபோல மெதுவாகப் பிரியும். இப்போது மதுரையில் மகன் வீட்டில் இருக்கிறேன். ஓய்வு பெற்ற ஆயர் என்று பக்கத்துக் கோயிலில் முன்வரிசையில் உட்காரச் சொல்வார்கள். நான் பின்னால் தூணோரம் உட்கார்ந்துகொள்வேன். இளம் ஆயர் அப்பத்தைப் பிட்கும்போது மைக்கில் 'பட்' என்று கேட்கும். நல்ல சுத்தமான சத்தம். ஒவ்வொரு முறையும் அந்தச் சத்தமில்லாத அப்பம் நினைவுக்கு வந்து, அதன்பிறகு ஆராதனை எங்கே போகிறது என்பதே தெரியாமல் சற்று நேரம் உட்கார்ந்திருக்கிறேன்.

உப்பூர் கிழக்குக் கடற்கரைச் சாலையில் தேவிபட்டினத்துக்கும் தொண்டிக்கும் நடுவில் இருக்கிறது. பேருந்தில் வருகிறவர்கள் வெயிலுகந்த விநாயகரைப் பார்க்க இறங்குவார்கள். சேதுவுக்குப் போன இராமர் இங்கே வணங்கிவிட்டுத்தான் போனார் என்பது தலபுராணம். சூரியன் வந்து வழிபட்டதாகவும் சொல்வார்கள். எங்களுக்கு அங்கே கோயில் கட்டடம் கிடையாது. சேகரத்தின் தலைமைக் கோயிலும் குருமனையும் மேற்கே கண்மாய்க்கரை ஊர் ஒன்றில் இருந்தன. உப்பூரில் எங்களுக்கென்று இருந்தது ஒரு வாடகை வீட்டின் திண்ணை. அதன் முன்னால் தை மாதம் போட்டு ஐப்பசியில் பிரிக்கும் கீற்றுப் பந்தல். அவ்வளவுதான்.

தையில் போட்டு ஐப்பசியில் பிரிப்பதற்குக் காரணம், சபையே அந்த மாதங்களில்தான் இருந்தது. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து உப்பள வேலைக்கு வரும் ஏழெட்டுக் குடும்பங்கள். பொங்கல் கழிந்ததும் பாய், பாத்திரம், பைபிள், பாட்டுப் புத்தகம் எல்லாவற்றையும் சாக்கில் கட்டிக்கொண்டு வந்து இறங்குவார்கள். பாத்தி மிதித்துக் கெட்டிப்படுத்துவார்கள், தண்ணீர் பாய்ச்சுவார்கள், மாசி கடைசியில் முதல் உப்பு வாருவார்கள். வடகிழக்குப் பருவமழையின் முதல் பெருமழையோடு வேலை முடியும். மறுநாளே பந்தல் பிரிந்துவிடும். மூன்று மாதத்துக்கு உப்பூரில் எனக்குச் சபை இல்லை. தை பிறந்ததும் குருமனைத் தொலைபேசி மணி அடிக்கும்: "ஐயா, வந்துட்டோம்."

2014 முதல் 2019 வரை அங்கே இருந்தேன். மற்றவர்களெல்லாம் வெயிலை எண்ணிப் பயப்படும் சித்திரையை, அந்த ஐந்து வருஷமும் நான் பண்டிகைக்குக் காத்திருப்பதுபோலக் காத்திருந்தேன். சித்திரையில்தான் பள்ளி விடுமுறைக்குப் பிள்ளைகளும் தூத்துக்குடியிலிருந்து வந்து சேர்வார்கள். முப்பது பேர் இருந்த சபை அறுபதாகும்.

எங்கள் மதுரை–இராமநாதபுரம் திருமண்டலத்தில் கோடை என்றால் பழைய நாளில் கொடைக்கானல். அமெரிக்க மதுரை மிஷன்காரர்கள் 1845-இல் அங்கே முதல் வீடுகளைக் கட்டினார்கள். சமவெளியின் வெக்கையிலும் காய்ச்சலிலும் மனைவி மக்களைப் பறிகொடுத்தவர்கள் அவர்கள், மலையேறியதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. இன்றைக்கும் ஆயர்களுக்குக் கோடைத் தியானக் கூட்டம் மலையில் நடப்பதுண்டு. குளிரும் பைன் மரக் காற்றும் எனக்கும் பிடித்தவைதான். ஆனால் உப்பூர் என் கைக்கு வந்தபிறகு இரண்டு முறை போகாமல் இருந்துவிட்டேன். போனால் இரண்டு ஞாயிறு போய்விடும். உப்பூரில் வருஷத்துக்கு அதிகம் போனால் நாற்பது ஞாயிறுதான் உண்டு. அதில் இரண்டை விட்டுக்கொடுக்க முடியவில்லை.

ஞாயிறு மாலை நான்கு மணிக்குக் கிளம்புவேன். காலை ஆராதனை தலைமைக் கோயிலில். உப்பளத்துக்காரர்கள் விடியுமுன் பாத்தியில் இறங்கி, வெயில் உப்பில் பட்டுக் கண்ணைக் குத்தும் நேரத்தில் கரையேறுவார்கள். ஞாயிறானாலும் தண்ணீர் நிற்காது, உப்பும் நிற்காது. ஆகையால் எங்களுக்குச் சாயங்காலம்தான் ஓய்வுநாள். வெள்ளை அங்கியை மடித்துத் துணிப்பையில் வைத்து, திருவிருந்துச் சாமான் இருந்த மரப்பெட்டியை டிவிஎஸ் வண்டியின் முன்னால் நிறுத்தி, கால்களுக்கிடையில் பிடித்துக்கொண்டு போவேன். சாலையோரக் களங்களில் முண்டு மிளகாய் காயும். ஒரு பர்லாங் தூரத்துக்குத் தரை முழுக்கச் சிவப்பு. காற்று திரும்பினால் நெடி மூக்கில் ஏறித் தும்மல் வரும். அந்த மிளகாய்க்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்ததாகப் பத்திரிகையில் படித்தபோது இங்கே உட்கார்ந்தபடியே எனக்குத் தும்மல் வந்துவிட்டது. மிளகாய்க் களங்கள் தாண்டினால் சீமைக்கருவேலம், கரிமூட்டப் புகை. அதையும் தாண்டினால் பனை. பனைக்கு அடியில் ஒருவர் பதநீர்ப் பானையோடு உட்கார்ந்திருப்பார். ஓலைப்பட்டையைக் கோலித் தருவார். அங்கி பையில் இருப்பது அவருக்குத் தெரியும். "சாமி, பூசைக்கு முன்னாடி குடிக்கலாமா?" என்று முதல் தடவை கேட்டார். குடிக்கலாம் என்றேன். அதன்பிறகு கேட்கவில்லை, என் வண்டிச் சத்தம் கேட்டதும் பட்டை மடித்துத் தயாராக வைத்திருப்பார். பட்டையின் பச்சை வாசம் பதநீரில் இறங்கியிருக்கும். கண்ணாடி டம்ளரில் அந்த ருசி வராது.

கோயில் பக்கத்து டீக்கடையில் வண்டியை நிறுத்தி முகம் கழுவிக்கொள்வேன். வெயிலுகந்தவர் என்றால் வெயிலை விரும்பியவர் என்று அந்தக் கடைக்காரர்தான் எனக்கு விளக்கிச் சொன்னார். "எல்லாச் சாமியும் நிழல்ல இருக்கும் ஃபாதர். எங்க பிள்ளையார் வெயிலைத் தன்மேல வாங்கிக்கிட்டவர். உப்பு வெளையிற ஊருக்கு வேற எந்தச் சாமி சரிப்படும்?" அதை நான் மறக்கவில்லை. என் சபையாருக்கும் அந்த ஊர் ஏற்றது என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

பந்தலுக்குப் போனால் முதலில் தண்ணீர். பிறகு கணக்கு. கணக்கு என்றால் காணிக்கைக் கணக்கு இல்லை, பாத்திக் கணக்கு. எந்தப் பாத்தியில் உப்பின் அடர்த்தி எத்தனை டிகிரி என்று ஆளாளுக்குச் சொல்வார்கள். கடல் தண்ணீர் 3 டிகிரிக்குக் கொஞ்சம் மேலே இருக்கும். வெயில் அதைச் சுண்டவைத்து 25-க்குக் கொண்டுவந்தால்தான் உப்புப் பூக்கும். 29-ஐத் தாண்டவிட்டால் கசப்புச் சேர்ந்துவிடும், அதற்கு முன்னால் அந்தத் தண்ணீரை வெளியேற்ற வேண்டும். கருவி வைத்துப் பார்ப்பவர்கள் உண்டு. எங்கள் ஆச்சிக்குக் கருவி வேண்டாம். தண்ணீரில் இளஞ்சிவப்பு ஏறுவதைப் பார்த்தே சொல்லிவிடுவார். அந்தச் சிவப்பு, கண்ணுக்குத் தெரியாத உயிர்களால் வருவது. அந்த உப்பிலும் பிழைத்திருக்கக் கற்றுக்கொண்ட உயிர்கள். மலைப் பிரசங்கத்தில் உப்பைப் பற்றி வரும் பகுதியை நான் முப்பது வருஷம் பிரசங்கித்திருக்கிறேன். உப்பூருக்கு வந்தபிறகு அந்தப் பகுதியை எடுக்கும் ஞாயிறுகளில் நான் பேசுவதைக் குறைத்துக்கொண்டேன். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் என்னைவிட நன்றாகத் தெரிந்தவர்கள்.

ஆச்சியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அறுபது தாண்டியவர். அளத்திலேயே பிறந்தேன் என்பார். அந்தச் சபைக்கு உபதேசியார் இல்லை. நான் வராத நாட்களில் பிள்ளைகளைக் கூட்டிவைத்து ஜெபம் நடத்தியது அவர்தான். என்னை 'ஐயா' என்பார், என் மனைவியை 'ஐயரம்மா'. அவர் கையைப் பற்றி எழுதத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

தென்னிந்தியத் திருச்சபை 1947 செப்டம்பர் 27 அன்று சென்னைப் புனித ஜார்ஜ் பேராலயத்தில் பிறந்தது. ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், தென்னிந்திய ஐக்கியத் திருச்சபை என்று பிரிந்து கிடந்தவர்கள் ஒன்றானார்கள். ஆங்கிலிக்கன் வழியில் எங்களுக்கு வந்த பெரிய சொத்து பேராயர் என்ற பொறுப்பு. பேராயர் தலையில் கைவைத்தால்தான் ஒருவர் ஆயராக முடியும். அந்தப் பேராயர் தலையில் அவருக்கு முந்தியவர்கள் கைவைத்திருப்பார்கள். அப்படியே பின்னோக்கிப் போனால் அந்தக் கைகள் அப்போஸ்தலர் வரைக்கும் போகும் என்பது எங்கள் விசுவாசம். எங்கள் திருமண்டலத்தின் முதல் பேராயர் லெஸ்லி நியூபிகின், அபிஷேகம் பெற்றபோது அவருக்கு 37 வயது. பேராயர்களே இல்லாத ஸ்காட்லாந்துத் திருச்சபையிலிருந்து வந்து அந்தக் கைகளுக்குத் தலைகொடுத்தவர். சிற்றூர்ச் சபைகளுக்குப் போய்வந்த நாட்களை அவர் எழுதிய தென்னிந்திய நாட்குறிப்பு 1951-இல் ஆங்கிலத்தில் வந்தது. இறையியல் கல்லூரியில் படிக்கும்போது அதைப் படித்துவிட்டுத்தான் நான் சிற்றூர்ச் சபைக்கே போக வேண்டும் என்று முடிவு செய்தேன். என் தலையிலும் ஒரு பேராயர் கைவைத்தார். கனமான கை. இன்றும் அந்தக் கனம் உச்சந்தலையில் தெரிகிறது.

இன்னொரு கையும் எங்கள் வழிபாட்டில் உண்டு. 1950-இல் வந்த எங்கள் திருவிருந்து ஒழுங்கில் சமாதானம் கொடுப்பது என்று ஒரு பகுதி. ஆயர் தன் இரண்டு உள்ளங்கைகளுக்குள் பக்கத்தில் இருப்பவரின் கையை வாங்கிக் கொடுப்பார். அவர் அடுத்தவருக்கு, அடுத்தவர் அதற்கடுத்தவருக்கு என்று கடைசி ஆள்வரை போகும். கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர்களின் பழைய வழக்கத்திலிருந்து நாங்கள் எடுத்துக்கொண்டது. பின்னால் மேல்நாட்டுச் சபைகள் பல இதைத் தங்கள் ஆராதனையில் சேர்க்க எங்கள் ஒழுங்கு முன்மாதிரியாக நின்றது. நகரத்துக் கோயில்களில் இப்போது கும்பிட்டுச் சிரித்துவிட்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். எனக்கு அது போதவில்லை.

உப்பூரில் முதல் ஞாயிறு நான் கையை நீட்டியபோது ஆச்சி தன் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே நின்றார். துடைத்து முடியவே இல்லை.

"கை சொரசொரங்கும் ஐயா."

"கொடுங்க ஆச்சி."

கொடுத்தார். உள்ளங்கை முழுதும் வெடிப்பு. வெடிப்புகளில் வெள்ளையாக உப்பு. அன்று காலை வண்டிச் சங்கிலி மாட்டும்போது என் விரலில் ஒரு கீறல் பட்டிருந்தது, ஆச்சியின் கை பட்டதும் அது எரிந்தது. ஆராதனை முடியும்வரை எரிந்தது. பேராயரின் கையிலிருந்து எனக்கு வந்தது ஒன்று, ஆச்சியின் கையிலிருந்து வந்தது ஒன்று. இரண்டில் எது கனம் என்று என்னைக் கேட்டால் பதில் சொல்ல எனக்கு நேரம் வேண்டும்.

ஆராதனை முடிய இருட்டிவிடும். சோறு சாப்பிடாமல் விடமாட்டார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. முன்பு 45 நாளாக இருந்தது, 2017-இல் 61 நாளானது. நாட்டுப்படகுகள் மட்டும் போய்வரும். மீன் விலை ஏறியிருக்கும் காலம். அப்படியும் மோர்ப்பண்ணைப் பக்கத்திலிருந்து யாராவது ஒரு கொட்டான் நண்டோ நாலு ஓராவோ கொண்டுவந்து வைத்திருப்பார்கள். புளி கூட்டிக் குழம்பு. பாத்தியிலிருந்து அன்று அள்ளிய உப்பு. பந்தலுக்கு வெளியே பாய் விரித்து உட்கார்ந்து சாப்பிடும்போது நிலா வந்துவிட்டால், சுற்றிலும் பாத்திகள் எல்லாம் கண்ணாடி மாதிரி கிடக்கும், உப்பு அம்பாரங்கள் நிலவெளிச்சத்தில் நீலமாகத் தெரியும். அப்போது யாரும் பேசமாட்டோம். கச்சான் காற்று தரையிலிருந்து கடலைப் பார்த்து வீசும். பாக் விரிகுடா அந்தக் காலத்தில் குளம்போல அமர்ந்திருக்கும்.

மே மாதம் பத்து நாள் விடுமுறை வேதாகமப் பள்ளி. தலைமைக் கோயிலில் காலையில் நடக்கும், உப்பூரில் மாலையில். கரும்பலகை இல்லாததால் கதைப் படங்களைத் தரையில் உப்பைக் கொட்டி வரைந்தோம். நோவாவின் பேழை, யோனாவின் மீன். காற்று வந்து அழித்தால் மறுபடியும் வரைவார்கள். பத்தாம் நாள் கடலுக்குக் கூட்டிப்போவது வழக்கம். அந்தக் கடலில் அரை பர்லாங் நடந்தாலும் முழங்கால் தண்ணீர்தான். காலடியில் கடற்புல். அறுபது வயதில் நானும் வேட்டியை மடித்துக்கட்டி நடந்திருக்கிறேன். ஒரு சின்னப் பெண் என் விரலைப் பிடித்துக்கொண்டு, "ஐயா, பேதுரு நடந்தது இந்த மாதிரி கடல்லயா?" என்று கேட்டாள். அது இதைவிட ஆழம் என்றேன். "அப்ப அவருக்குப் பயம் வந்தது சரிதான்" என்றாள். பேதுருவுக்காக யாரும் அவ்வளவு எளிதாகப் பரிந்து பேசி நான் கேட்டதில்லை.

2017-ஐத் தாண்டிப் போக முடியாது. முந்தைய வருஷத்து வடகிழக்குப் பருவமழை பொய்த்து, அந்தச் சனவரியில் தமிழ்நாடு முழுவதும் வறட்சி பாதித்ததாக அரசு அறிவித்திருந்தது. எங்கள் ஊருணியில் மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. நாற்பத்தெட்டு மடை என்று பேர்பெற்ற இராஜசிங்கமங்கலம் கண்மாயில் ஆடு மேய்ந்தது. பெண்கள் தள்ளுவண்டியில் குடங்களை அடுக்கிக்கொண்டு கிளம்புவார்கள். இராமநாதபுரம் சீமையில் தள்ளுவண்டி இல்லாத வீடு குறைவு. ஓடைப் படுகையில் ஊற்றுத் தோண்டி, ஊறும் தண்ணீரைச் சிரட்டையால் கோதி ஊற்றி ஒரு குடம் நிறைய முக்கால் மணி நேரம் ஆகும். சித்திரையில் ஒரு ஞாயிறு தலைமைக் கோயிலில் சபையார் எல்லாரும் முழந்தாளிட்டு மழைக்கு ஜெபித்தோம். நானும் அழுதேன்.

அன்று சாயங்காலம் உப்பூரில் ஆச்சி வாசலிலேயே நிறுத்தினார்.

"காலையில அங்க மழைக்கு ஜெபம் பண்ணினீங்களாம்லா ஐயா?"

"ஆமா ஆச்சி."

"இங்க பண்ணிராதீங்க. இப்பதான் பாத்தி பூக்குது. ஒரு மழை விழுந்தா பதினஞ்சு நாள் வேலை போச்சு. பிள்ளைங்க எல்லாம் வந்திருக்கு."

நான் ஒன்றும் சொல்லவில்லை. ஆராதனையில் அந்த ஜெபத்தை விட்டுவிட்டேன். முப்பது வருஷ ஊழியத்தில் ஒரே நாளில், ஒரே அங்கியில், ஓர் இடத்தில் கேட்டதை இன்னோர் இடத்தில் கேட்காமல் விட்டது அன்றுதான். ஆசீர்வாதம் சொல்லி முடித்தபின் ஆச்சியே எழுந்தார். "ஐயா, மேற்க ஊருணியில பெய்யட்டும்னு கேக்கலாம்லா? தண்ணி இல்லாம சனம் கெடந்து சாவுதே. மேற்கு எது கெழக்கு எதுன்னு அவருக்குத் தெரியாமலா இருக்கும்?" உட்கார்ந்திருந்தவர்கள் மறுபடி எழுந்தார்கள். மேற்கே திரும்பி நின்றோம். ஆச்சிதான் ஜெபித்தார்.

வைகாசியில் ஒரு பிற்பகல் அரைமணி நேரம் பெய்தது. ஊருணியில் முழங்கால் அளவு நின்றது. உப்பூரிலும் பெய்தது. பாத்தியில் பூத்திருந்ததெல்லாம் கரைந்து, குடும்பங்களுக்குப் பதினொரு நாள் கூலி இல்லை. அடுத்த ஞாயிறு போனேன். யாரும் மழையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. கைப்பிடி அரிசிக் காணிக்கைக் கொட்டான் வழக்கம்போல நிறைந்திருந்தது. அந்த அரிசியை நான் எடுத்துக்கொண்டு போகவில்லை, அங்கேயே கஞ்சி காய்ச்சச் சொன்னேன். ஆச்சிக்குக் கோபம். காணிக்கை திரும்பக் கூடாது என்றார். கடைசியில் ஐயரம்மாவுக்கென்று ஒரு படி அளந்து தனியே கட்டிக் கொடுத்த பிறகுதான் மீதியை உலையில் போட்டார்.

அதே கோடையில் அவருடைய பேத்திக்கு ஞானஸ்நானம். கடல் இருநூறு அடியில் இருக்கிறது. அந்தத் தண்ணீரே போதும் என்று நான் சொன்னபோது ஆச்சி ஒத்துக்கொள்ளவில்லை. "உப்புல கெடக்கத்தான் போறா. இன்னைக்காவது நல்ல தண்ணி படட்டும்." ஒரு செம்பு ஊற்றுத் தண்ணீர் விலைக்கு வாங்கி வந்தார்கள். மூன்று முறை கோதி ஊற்றினேன். மிச்சத்தைப் பந்தற்கால் பக்கத்திலிருந்த வேப்பங்கன்றுக்கு ஊற்றினோம்.

2019 ஈஸ்டர் ஏப்ரல் 21 அன்று வந்தது. பெரிய வியாழனன்று பாராளுமன்றத் தேர்தல் வாக்குப்பதிவு. ஆராதனைக்கும் ஓட்டுக்குமாக ஓடி எல்லாரும் களைத்திருந்தோம். உயிர்த்தெழுந்த ஞாயிறு காலை கோயிலில் இருக்கும்போதே இலங்கைச் செய்தி வந்தது. கொச்சிக்கடை அந்தோனியார் கோயில், நீர்கொழும்பு செபஸ்தியார் கோயில், மட்டக்களப்பு சீயோன் தேவாலயம், கொழும்பில் ஓட்டல்கள். 250-க்கும் மேற்பட்டோர் செத்துப்போனார்கள். அவர்களில் பலர் எங்களைப் போலவே புது உடுப்பு உடுத்திக் காலை ஆராதனைக்குப் போனவர்கள். சாயங்காலம் உப்பூரில் பந்தலுக்குள் நின்றால் கிழக்கே கடல். அந்தக் கடலுக்கு அக்கரையில்தான் அது நடந்தது. பாட்டு எடுக்க எனக்குத் தொண்டை வரவில்லை.

உப்பை லாரியில் ஏற்றும் வேலையைக் கவனிக்கும் பாய் ஒருவர், திருப்பாலைக்குடிப் பக்கத்துக்காரர், ஞாயிறு மாலைகளில் மறுநாள் வேலை பேச வருவார். அன்றும் வந்தார். எப்போதும் வெளியே வண்டியில் சாய்ந்தபடி காத்திருப்பவர், அன்று பந்தற்காலைப் பிடித்துக்கொண்டு நின்றார். முகம் வெளுத்திருந்தது. சமாதானம் கொடுக்கும் நேரம் வந்தது. நான் ஆச்சிக்குக் கொடுத்தேன். ஆச்சி அடுத்தவருக்கு. வரிசை போய்க்கொண்டே இருந்து கடைசியில் ஒன்பது வயதுப் பையனிடம் நின்றது. அவனுக்கு அடுத்து யாரும் இல்லை, பாய்தான் நின்றார். பையன் திரும்பி அவருக்குக் கொடுத்தான். அவர் அந்தச் சின்னக் கையை இரண்டு கைகளாலும் வாங்கி வெகுநேரம் விடவில்லை.

மே 7-இல் நோன்பு தொடங்கியது, கத்திரி வெயில் தொடங்கி மூன்று நாளாகியிருந்தது. முந்தின வருஷங்களைப் போலவே தூக்குவாளியில் நோன்புக் கஞ்சி வந்தது. பந்தலில் எல்லாருக்கும் ஒரு குவளை. அதுதான் உப்பூரில் என் கடைசிக் கோடை.

கிளம்பும் ஞாயிறு திரித்துவ ஞாயிறு, ஜூன் 16. அதற்கு இரண்டு நாள் முன்பு நள்ளிரவோடு தடைக்காலம் முடிந்து விசைப்படகுகள் கடலுக்குப் போயிருந்தன. ஆச்சி ஒரு கொட்டான் உப்புக் கொடுத்தார். கல் உப்பு, பருவட்டு. "ஐயரம்மா ஊறுகாய் போடட்டும்" என்றார். அதற்குமேல் பேசவில்லை. நானும் பேசவில்லை. பிள்ளைகள் சாலைவரை ஓடிவந்தார்கள்.

அடுத்த கோடை 2020. ஊரடங்கு. அதற்குப் பிறகு அந்தக் குடும்பங்கள் உப்பூருக்குத் திரும்பவில்லை, தூத்துக்குடிப் பக்கமே வேலை பார்க்கிறார்கள். உப்பூரில் 1600 மெகாவாட் அனல்மின் நிலையம் வருவதாகச் சொல்லி, நான் இருக்கும்போதே வேலை தொடங்கியிருந்தது. விவசாயிகளும் மீனவர்களும் போராடினார்கள். சாம்பல் பறந்தால் உப்பு என்னவாகும் என்று ஆச்சி என்னிடம் கேட்டிருக்கிறார். 2021-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் அதன் சுற்றுச்சூழல் அனுமதியை நிறுத்திவைத்தது. அந்தச் செய்தியை ஆச்சிக்குத் தொலைபேசியில் வாசித்துக் காட்டினேன். "நல்லது ஐயா, இருக்கிறவங்க பிழைக்கட்டும்" என்றார்.

ஒருமுறை இராமேசுவரத்துக்குப் போகிற வழியில் இறங்கிப் பார்த்தேன். திண்ணை வீட்டில் வேறு குடும்பம் இருக்கிறது. நல்லவர்கள், தண்ணீர் கொடுத்தார்கள். வேப்பங்கன்று என் தோளுக்கு மேலே வளர்ந்திருக்கிறது. அதன் நிழலில் சற்று நின்றுவிட்டு வந்தேன். பதநீர்க்காரர் இருந்த இடத்தில் யாரும் இல்லை.

இந்தச் சித்திரையில் மதுரையில் ஒரு ராத்திரி இடியோடு மழை. மகன் வீட்டில் எல்லாரும் எழுந்து மாடிக்குப் போய்ப் பார்த்தார்கள். பேரப்பிள்ளைகள் நனைந்தார்கள். எனக்கு வயிற்றைக் கலக்கியது. மணி பார்த்தேன், பதினொன்றரை. நேரம் கெட்ட நேரம் என்று தெரிந்தும் ஆச்சியைக் கூப்பிட்டேன். இரண்டாம் மணியிலேயே எடுத்தார்.

"அங்க மழையா ஆச்சி?"

"இல்லை ஐயா. மேகம் மேற்கதான் மின்னுது. தார்ப்பாய் போட்டாச்சு. உங்களுக்குப் பெய்யுதா?"

பெய்கிறது என்றேன்.